ஈட்டி படாத துண்டு

பனையடியேந்தல்,
உச்சிப்புளி வழி.
8.5.1988

அன்பு மகன் பூமிநாதனுக்கு அய்யா எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம். உன் சுகத்தை நீ எழுதி நாங்கள் அறிந்து இரண்டு மாதமாகிறது. சுகமாய்த்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் பார்க்கிற அதிகாரிக்குத் தமிழ் தெரியுமானால் அவருக்கும் என் வணக்கம்.

மிளகாய் இந்த வருஷம் மோசமில்லை. கடைசிப் பறிப்பு முடிந்து களத்தில் காய்கிறது. பறிக்க ஆள் கிடைக்காமல் மண்டபம் அகதி முகாமிலிருந்து நாலு பெண்களை அழைத்துவந்தோம். அதில் மலிகா என்று ஒருத்தி, மன்னார்ப் பக்கத்தவள். அவள் தம்பி அங்கே காணாமல் போய் மூன்று வருஷமாம். உன் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தக் கரையின் வெயிலையும் தண்ணீரையும் கொசுவையும் விசாரித்தபடி இருக்கிறாள். பட்டாளத்தார் உன்னை அங்கே எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியாததால் அவளும் பொதுவாகவே பதில் சொல்லிவைக்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் சினிமாக்காரர்கள் உயரமான பையன்களை எல்லாம் லாரியில் ஏற்றி மண்டபத்துக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்களே, அந்தப் படம் வந்துவிட்டது. தென்கடல் வேந்தன் என்று பெயர். பாண்டிய ராஜா ஒருவர் கடல் தாண்டிப் போய்ச் சண்டை போடுகிறார். நம் டூரிங் டாக்கீசுக்கு வந்ததும் ஊரே கிளம்பிவிட்டது. ராஜாவைப் பார்க்க இல்லை, உன்னைப் பார்க்க.

ஏலே, நீ யானைக்குப் பின்னால் நின்றதாகத்தானே வீட்டில் சொன்னாய்? நாங்களும் யானை வரும்போதெல்லாம் அதன் பின்னங்கால்களுக்கு நடுவே உன்னைத் தேடிக்கொண்டிருந்தோம். நீயோ படகிலிருந்து குதிக்கிறாய். கையைத் தூக்கிக் கத்துகிறாய். எங்கிருந்தோ ஒரு ஈட்டி வந்து நெஞ்சில் பாய்கிறது. அலையோரம் குப்புற விழுகிறாய். உன் மேல் மிதித்துக்கொண்டு மற்றவர்கள் ஓடுகிறார்கள். நம் கரையில் பிடித்த படத்தை அந்தக் கரை என்று காட்டுகிறார்கள். நீ இப்போது நிஜமாகவே அந்தக் கரையில் இருக்கிறாய் என்பது திரைக்கு எப்படித் தெரியும்.

உன் அத்தை கருத்தம்மாளுக்கு அது சினிமா என்பது மறந்துபோயிற்று. "ஏலே பூமி, போயிட்டியேப்பா" என்று மாரில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் எடுத்தால் மற்றவர்கள் விடுவார்களா? பெண்கள் பக்கம் முழுவதும் கையைக் கோத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டது. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். உன் அம்மா போய், "எம்பிள்ளை உசுரோட இருக்கான்டி, வாயை மூடு" என்று அத்தை வாயிலேயே ஒன்று வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

மலிகாவும் வந்திருந்தாள். அதற்கு அடுத்த காட்சியில் குடிசைகளைக் கொளுத்துகிறார்கள். அவள் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய், படம் முடியும்வரை மாட்டுவண்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் போட்டோ பிடிக்கவில்லை. ஒப்பாரி வைத்தவர்களைப் பிடித்துவிட்டார்கள். யாரோ ஒரு பத்திரிகைக்காரன் வந்திருக்கிறான். மறுநாள் பேப்பரில் உன் அத்தை வாயைத் திறந்தபடி இருக்கிறாள். கீழே, 'வரலாற்றைத் திரித்த படம்: கொதித்தெழுந்த தாய்க்குலம்' என்று போட்டிருக்கிறது. அத்தை அந்தப் பேப்பருக்குக் கண்ணாடிச் சட்டம் போடச் சொல்கிறாள்.

உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் ஆயுசு கெட்டி என்று உன் அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டாள், நம்பினாளா தெரியவில்லை. ஒரு வரி எழுதிப் போடு.

இப்படிக்கு,
சுகமாய் இருக்கச் சொல்லி ஆசீர்வதிக்கும்
அய்யா உக்கிரபாண்டி


பனையடியேந்தல்,
19.6.1988

அன்பு மகனுக்கு அய்யா எழுதுவது.

உன் கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரர் நம் தெருவுக்குள் வராமல் ஊருணிக் கரை வழியாகவே சுற்றிப் போகிறார். உன் அம்மா முகத்தைப் பார்க்கக் கூச்சமாம்.

அந்தப் பேப்பர் போட்டோ செய்த வேலையைக் கேள். தவசியின் கட்சிக்காரர்கள் கொடியோடு வந்துவிட்டார்கள். அக்கரையில் நம் சனங்கள் சாகிற நேரத்தில் தமிழ் ராஜா போய்க் குடிசையைக் கொளுத்தியதாகக் காட்டுவதா, படத்தைத் தடை செய் என்கிறார்கள். சோணைமுத்துவின் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கடல் தாண்டிப் போன வீரத்தைக் காட்டுகிற படம், வரி விலக்குக் கொடு என்று அவர்கள் ஒரு ஊர்வலம். போதாததற்கு, படத்தில் தோற்று ஓடுகிற தளபதி எங்கள் முப்பாட்டன் என்று கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வேனில் வந்து இறங்கிற்று. முப்பாட்டன் பெயரைக் கேட்டேன். படத்தில் என்ன பெயர் சொல்கிறார்களோ அதுதான் என்றார்கள். மூன்று கூட்டத்திலும் படம் பார்த்தவன் ஒருவனைத் தேடினேன், கிடைக்கவில்லை.

தவசி டாக்கீஸ் வாசலில் பந்தல் போட்டு உண்ணாவிரதம் உட்கார்ந்தான். காலையில் எழுந்து பார்த்தால் உன் அம்மாவைக் காணோம். போய்ப் பார்க்கிறேன், பந்தலில் முதல் வரிசையில் இருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நம் வீட்டுப் பெண்கள் எந்தக் காலத்தில் கட்சிப் பந்தலில் உட்கார்ந்தார்கள்? கூப்பிட்டேன், அசையவில்லை. பட்டாளத்துக்காரன் தாயே எதிர்க்கிறாள் என்று தவசிக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கை அவள் கையில் கொடுத்தான். அவள், "எம்பிள்ளை விழுகுறதை மட்டும் எடுத்துருங்கய்யா. தெனமும் ரெண்டு ஆட்டம் விழுகுறான். ராசா என்ன பண்ணுனா எனக்கென்ன" என்றாள். தவசி மைக்கைப் பிடுங்கிக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவள் வீட்டில் இருந்தபடியே தினமும் டாக்கீஸ் ஒலிபெருக்கியைக் கேட்டிருக்கிறாள். காற்று நம் பக்கம் அடிக்கும்போது சண்டைச் சத்தம் அப்படியே வரும். நீ கத்துகிற இடம் அவளுக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் உலையை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். எத்தனை நாள் சோறு வேகாமல் போயிருக்கிறது என்று நான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

கல்லெறி நடந்தது, திரையில் பெரிய கிழிசல். கடைசியில் போலீசார் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசி, கரையில் இறங்குகிற சண்டையை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டுவது என்று முடிவாயிற்று. இரண்டு கட்சியும் தாங்கள் ஜெயித்ததாக வெடி போட்டன.

டாக்கீசில் படம் ஓட்டுகிற பால்சாமி நல்ல பையன். வெட்டியதில் நீ வருகிற துண்டை மட்டும் தனியாகச் சுருட்டி உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டான். களத்தில் நின்று இருவரும் வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் நகத்தளவு நீ. படகில் நீ, தண்ணீரில் நீ, கையைத் தூக்கிய நீ. ஈட்டி படுகிற இடம் எது என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடிக் காட்டினேன். அதற்கு முந்தின கட்டத்தோடு வெட்டச் சொன்னாள். என் மீசைக் கத்தரியால் வெட்டினேன். நிற்கிற துண்டைக் குங்குமச் சிமிழ் இருக்கிற தகரப்பெட்டியில் வைத்துக்கொண்டாள். விழுகிற துண்டை அடுப்பில் போடச் சொல்லிவிட்டுப் போனாள்.

நீ எழுது. கோபமாகவாவது எழுது.

இப்படிக்கு,
அய்யா


பனையடியேந்தல்,
28.8.1988

அன்பு மகன் பூமிநாதனுக்கு அய்யா எழுதுவது.

எந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன்.

பத்து நாளைக்கு முன் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் போஸ்ட்மாஸ்டரே சைக்கிளில் கூட வந்து படித்துச் சொன்னார். உன்னைக் காணவில்லையாம். தேடிக்கொண்டிருக்கிறார்களாம். வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை என்றார். அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து நானும் பார்த்தேன்.

செய்தி ஊருக்குள் போய், பெண்கள் தெருமுனையில் தலையை அவிழ்த்துக்கொண்டு கூடிவிட்டார்கள். முன்னால் உன் அத்தை. உன் அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். "எம்பிள்ளைக்கு நீங்க அன்னைக்கே அழுதுட்டீக. கொட்டாயில வெச்சு ஊரே அழுதாச்சு. இனி அழுகிறதுக்கு இங்கன ஒண்ணும் பாக்கி இல்லை, வீட்டுக்குப் போங்க" என்றாள். உன் அத்தை முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உன் அம்மாவே போய் அவளைத் தூக்கிக் கூந்தலை முடிந்துவிட்டாள்.

மறுநாள் சோணைமுத்து வந்தான். படத்தைத் திரும்பப் போடுகிறோம், வெட்டியதைச் சேர்த்துப் போடுகிறோம், போஸ்டரில் தம்பி படம் பெரிதாக இருக்கும், இந்த மண்ணின் வீரன் என்றான். அவன் போய் அரைமணி நேரத்தில் தவசி வந்தான். அக்கரைக்குப் பட்டாளம் அனுப்பியதற்கு எதிராகக் கூட்டம், அய்யா மேடையில் உட்கார்ந்தால் போதும், பேசக்கூட வேண்டாம் என்றான். இருவருக்கும் உன் போட்டோ ஒன்று வேண்டுமாம். மாட்டை ஓட்டுகிற கம்பு கையில் இருந்தது. பிள்ளையைக் காணோம் என்றுதான் தந்தி வந்திருக்கிறது, அதற்குள் மாலை போட வந்துவிட்டீர்களா என்று கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்கு எழுதுகிறேன். தெருவே கேட்கக் கத்தினேன்.

மலிகா மட்டும் தினமும் முகாமிலிருந்து வருகிறாள். பேசுவதில்லை. உன் அம்மாவோடு உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிவிட்டுப் போகிறாள். ஒருநாள் கிளம்பும்போது, தன் தம்பிக்கு இன்னும் அழவில்லை என்று சொன்னாளாம். அன்றிலிருந்து உன் அம்மா ராத்திரிச் சோற்றில் உனக்கு ஒரு பங்கு மூடி வைக்கிறாள். காலையில் அதை நான்தான் சாப்பிடுகிறேன்.

இப்போது எழுத வந்த விஷயம். அந்த விழுகிற துண்டை நான் அடுப்பில் போடவில்லை. உன் முகம் இருக்கிற எதையும் நெருப்பில் போட எனக்குக் கை வரவில்லை. உத்தரத்தில் செருகி வைத்திருந்தேன். நேற்று உன் அம்மா ஊருணிக்குப் போன நேரம் எடுத்துப் பார்த்தேன். விழுகிறாய், கிடக்கிறாய், உன் மேல் ஓடுகிறார்கள். பிறகு ஓடுகிறவர்கள் போய்விட்டார்கள், நீ மட்டும் கிடக்கிறாய். அலை வருகிறது. கடைசி ஐந்தாறு கட்டத்தில், ஏலே, நீ தலையைத் தூக்குகிறாய். தண்ணீர் மூக்கில் ஏறியிருக்க வேண்டும், இல்லையென்றால் படம் பிடித்து முடித்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். செத்துக் கிடக்கத் தெரியாதவன் நீ, சின்ன வயதில் தூங்குவதுபோல் நடித்தாலும் கண்ணிமை துடிக்கும். சினிமாக் கம்பெனியில் படத்தை வெட்டி ஒட்டியவன் கவனிக்காமல் விட்டுவிட்டான். கொட்டகையில் எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் நாங்களும் பார்க்கவில்லை.

உன் அம்மா வந்ததும் காட்டினேன். ஏன் எரிக்கவில்லை என்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தகரப்பெட்டியைத் திறந்து அவளுடைய துண்டை எடுத்து, எழுந்திருக்கிற இடத்தை இதோடு ஒட்டித் தரச் சொல்லுங்கள் என்றாள். பால்சாமியிடம் கொண்டுபோனேன். பசை தடவி ஒட்டிக் கொடுத்தான். இப்போது நீ படகிலிருந்து குதிக்கிறாய், கையைத் தூக்குகிறாய், அடுத்ததாக அலையிலிருந்து தலையைத் தூக்குகிறாய். நடுவில் இருந்ததை என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைப் பிரிக்கிற அதிகாரி அவர்களே, உங்களுக்கும் அய்யா, அம்மா இருப்பார்கள். ஐந்தே முக்கால் அடி, மாநிறம், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டான், இரண்டாம் தரம் கூப்பிட வேண்டும். ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

மகனே, படம் முடிந்துவிட்டது. எல்லோரும் ஓடிவிட்டார்கள், உன்னை யாரும் பார்க்கவில்லை. எழுந்து வா.

நூறு வயது இருக்கச் சொல்லி ஆசீர்வதிக்கும்
அய்யா, அம்மா