தெருச்சுவரில் வைத்த அடுப்பு

கோம்பை
3.2.2025

அன்புத் தங்கச்சி ஹேமாவதிக்கு, அண்ணன் பாண்டியராஜன் எழுதிக்கொண்டது. இங்கன எல்லாரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக.

வாட்ஸ்அப் இருக்கையில் தபால் எதுக்குன்னு கேப்ப. என் போனை உன் அண்ணி பவுனு என்னைவிட நல்லாப் படிக்கிறா.

நீ அனுப்பின படிவம் வந்துச்சு. என் மக அபிதாவுக்குப் பிரசவம் ஆனதும் தொப்புள்கொடியை மதுரையில் உன் ஆய்வகத்துக்குத் தரணுமாம், அதுக்கு அவ கையெழுத்துப் போடணுமாம். படிச்சதும் வாயில் இருந்த வடை உள்ளேயும் போகல, வெளியேயும் வரல.

தொப்புள்கொடி விழுந்தா தாயத்துல அடைச்சுப் பிள்ளை இடுப்புல கட்டுறது நம்ம வழக்கம். அது அடுத்தவ கையில சிக்கினா என்னென்ன ஆகும்னு எதிர்வீட்டு மாயக்காள் ஒரு பட்டியல் வச்சிருக்கா. கேட்டா உன் மைக்ராஸ்கோப்பே கண்ணை மூடிக்கும். பவுனுக்குத்தான் ரொம்பச் சந்தேகம். "பிள்ளையில்லாதவ எதுக்குக் கொடியைக் கேக்குறா?"ன்னு நச்சரிக்கிறா. எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா கேக்குறேன்: எதுக்கு?

உன் அண்ணன்
பாண்டியராஜன்

மதுரை
8.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தாயத்துக்குப் போறது பிள்ளை வயித்தோட இருந்து காய்ஞ்சு விழுற துண்டு. அது உங்களுக்கே. நான் கேட்டது, ஆஸ்பத்திரியில் வெட்டிக் குப்பை வாளியில் போடுற நீளக் கொடி. அதுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு ஓடும். அதோட உள்சுவர்ல தரைக்கு ஓடு பதிச்ச மாதிரி செல்கள் இருக்கும்.

சக்தி தர்ற ஏ.டி.பி.ங்கிற பொருளை ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளதான் சமைக்கும்னு படிச்சு வந்தோம். ஆனா செல்லுக்கு வெளியேயும் அது இருக்கு. ரத்தக்குழாயை விரியச் சொல்ற சேதியாக்கூட வேலை பார்க்குது. அது உள்ளேயிருந்து கசிஞ்சது மட்டும் இல்ல. செல்லோட வெளிப்பரப்புல சில நொதிகள் உக்காந்துக்கிட்டு, ஒரு பாஸ்பேட் குறைஞ்ச அரைவேக்காட்டை வாங்கி, முழு ஏ.டி.பி.யா ஆக்கிருது. தெருச்சுவர்ல அடுப்பு வச்ச மாதிரி.

எது கசிஞ்சது, எது அங்கனயே செஞ்சதுன்னு பிரிக்கணும். அந்த நொதிகளை நிறுத்துற, ஆனா செல்லுக்குள்ள நுழைய முடியாத மருந்தை ஊத்துவோம். அப்ப வெளியே ஏ.டி.பி. குறைஞ்சா, எரிஞ்சது வெளி அடுப்பு. அளக்குறதுக்கு மின்மினிப்பூச்சியோட நொதி. ஏ.டி.பி. இருந்தா மினுங்கும்.

போன மாசம் அபிதா வளைகாப்புல நான் ரெண்டு வளையலோட நின்னேன். "நீ போய்ப் பந்தியில இலை போடு"ன்னு அனுப்பினீங்க. கேட்டதுக்கு, அண்ணி சொன்னாகன்னீங்க. இதுவும் அண்ணி சொன்னதுதானா?

அன்புடன்
ஹேமா

கோம்பை
13.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

அடுப்புக் கதை அருமை. மாயக்காள்கிட்டச் சொன்னேன், "கேஸா, விறகா?"ன்னு கேட்டா.

ஆனா ஆத்தா, மதுரையில பிள்ளையே பிறக்கலையா? தேனி ஆஸ்பத்திரிக்கு வந்து அபிதா கொடியே வேணும்னா எப்படி? நீ அனுப்பின கவரை நம்ம நாய் மோந்து பார்த்துட்டு உறுமுச்சு. திருடனுக்கே வாலாட்டுற நாய் அது. அப்புறம், அந்தச் செல்லை வச்சுப் பிள்ளை கிள்ளை வளர்ப்பீகளா? நான் கேக்கல, பவுனு கேக்குறா.

பாண்டியராஜன்

மதுரை
18.2.2025

அண்ணனுக்கு,

பிள்ளை வளராது. சில வாரத்துல அந்தச் செல்லே செத்துரும். மதுரையிலயும் கேக்குறேன். முப்பது பேர்ல நாலு பேர் தர்றாக. அண்ணன் மகளே தரலைன்னா யார்கிட்டப் போய் நிக்கிறதுன்னுதான் கேட்டேன்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. அண்ணிக்கே நேரா போன் போட்டேன். "படிவமா? எந்தப் படிவம்?"னாக. வளைகாப்பு அன்னைக்கு என்னை எங்கே காணோம்னு மண்டபம் முழுக்கத் தேடினாகளாம்.

அண்ணிகிட்டயிருந்து எதுவும் கசியலண்ணே. எல்லாம் உங்ககிட்டயே செஞ்சது.

படிவத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க. இனி கேக்க மாட்டேன். எதையும்.

ஹேமாவதி

மதுரை, உன் ஆய்வக வாசல்
26.2.2025, பகல் மூணு மணி

ஆத்தா ஹேமா,

இன்னைக்குக் காலையில ஒம்பது மணிக்குத் தேனி ஆஸ்பத்திரியில பேத்தி பிறந்திருக்கா. மூக்கு நம்ம மூக்கு, பாவம்.

நீ போன் போட்ட அன்னைக்கு வீட்டுல நடந்ததை எழுத மாட்டேன். அதுலயிருந்து எனக்கு மட்டும் சட்னி கிடையாது. டிராக்டர் இன்சூரன்ஸ் பைலுக்குள்ள நான் ஒளிச்சு வச்சிருந்த படிவத்தை பவுனு ரெண்டே நிமிஷத்துல எடுத்துட்டா. அபிதா கையெழுத்துப் போட்டுட்டு, "சாட்சி இடத்துல நீங்க போடுங்கப்பா"ன்னா. போட்டேன்.

உன் ஆய்வகத்துக்கு நர்ஸம்மா போன் போட்டுக் கேட்டு, அவுக சொன்னபடியே பாட்டில்ல அடைச்சுக் குடுத்தாக. ஐஸ்பெட்டியை மடியில வச்சுத்தான் பஸ்ஸுல வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன மீனுண்ணே?"ன்னார். "எங்க வீட்டு மீனு"ன்னேன்.

வளையலோட நீ நின்னப்ப, கண்ணு பட்டிருமோன்னு பயந்தது நான்தான். பவுனு இல்ல. மாயக்காளும் இல்ல. நான்.

பெட்டியையும் இந்தக் காகிதத்தையும் வாட்ச்மேன்கிட்டக் குடுத்திருக்கேன். எதிர்க்க டீக்கடையில இருக்கேன். நாலரை பஸ்ஸுக்குப் போயிருவேன், நீ வரலைன்னாலும் தப்பு உன் மேல இல்ல. ஆஸ்பத்திரியில கழட்டின வளையலை அபிதா திரும்பப் போட மாட்டேங்கிறா. முதல்ல அத்தை வந்து வளையல் போட்டுவிடட்டும்ங்கிறா.

பாண்டியராஜன்

(அதே காகிதத்தின் பின்பக்கம்)

அண்ணே,

ஐஸ் உருகுறதுக்குள்ள செல்லைப் பிரிச்சு எடுக்கணும், இப்ப வர முடியாது. நாலரை பஸ்ஸை விட்டுருங்க. ஆறு மணிக்கு வர்றேன், சேர்ந்தே தேனிக்குப் போவோம். அந்த ரெண்டு வளையலும் வளைகாப்பு அன்னைக்கிருந்து என் பையிலதான் இருக்கு.

இன்னும் கோபம்தான். டீயோட நிறுத்திக்கிருங்க, வடை வேண்டாம்.

ஹேமா