இந்த வருஷம் ஆற்றங்கரை எனக்கு

என் உயிரான செல்லம்மா அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு சண்டை போட ஆளில்லை. இன்றைக்குச் சண்டை போடத்தான் எழுதுகிறேன். இப்படியொரு முறையை ஏன் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாய்?

திருநெல்வேலிப் பக்கமிருந்து எல்லை தாண்டிக் கட்டட வேலைக்கு வந்த நாலு குடும்பம் நாம். யாரும் சீண்டாமல் கிடந்த இந்தக் கல்லாற்றுச் சரிவைத் திருத்தினோம். வந்த முதல் நாளே, ஆற்றங்கரை மண் யாருக்கு என்று ஆம்பிளைகள் கைகலக்கப் போனார்கள். நீதான் வீட்டுக்கொரு விதையைப் பானையில் போடச் சொன்னாய். எனக்குப் புளியங்கொட்டை, அடுத்த வீட்டுச் செல்விக்கு ஆமணக்கு. நீ கையை விட்டு எடுக்கையில் முதலில் வரும் விதைக்கு ஆற்றங்கரை, கடைசியாக வருவதற்குப் பாறை. அடுத்த சித்திரையில் மறுபடியும் பானை.

எது யாருடைய விதை என்று விரலுக்கே தெரியும். ஆனாலும் நீ கையை விட்டால் ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை. பம்பு பொது, பழவங்காடிச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றும் வண்டியும் பொது. அப்படித்தான் இது ஊரானது.

போன வாரம் நிலம் அளக்க ஆபீசர் வந்தார். "ஆரு எவிடே கிருஷி செய்யுறீங்க?" என்று யார் எங்கே பயிர் வைக்கிறோம் என மலையாளம் கலந்து கேட்டார்.

"வருஷா வருஷம் மாறும் சாரே."

"அப்போ ஆர்க்கும் பட்டா கிட்டாது. சர்க்கார் பூமின்னு எழுதிருவேன்."

திங்கட்கிழமை திரும்ப வருகிறார். இப்போது இருக்கிறபடியே எழுதிவிடலாம் என்கிறார்கள் எல்லோரும். நீ கடைசியாகக் கையை விட்டதில் இந்த வருஷம் ஆற்றங்கரை எனக்கு. செல்விக்குப் பாறை, இனிக் காலத்துக்கும். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த புருஷனைப் பறிகொடுத்தவள், இரண்டு பெண் பிள்ளைகளோடு அங்கே எதை நடுவாள்?

விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை போய் வீட்டோடு இருக்கும் என் மகன் சொல்கிறான்: "அம்மா, நீங்க ஒண்ணும் மிண்டண்டா, பேசாம இருங்க. நமக்குத்தானே கிட்டியிருக்கு."

எனக்கும் அந்த மண் வேண்டும் அக்கா. மருமகள் மாசமாயிருக்கிறாள். நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

செல்வி எதுவும் கேட்கவில்லை. நேற்றுத் தண்ணீர் பிடிக்க வந்தவள், "உங்களுக்கு நல்லா அமைஞ்சுதுல்லா மைனி," என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் வருவதற்கு முன்னால் பானையை முற்றத்தில் கொண்டு வைப்பேன். மகன் என்ன கத்தினாலும் சரி, கடைசியாக ஒரு தடவை விதை போடுவோம், வருகிறபடி எழுதட்டும். உன் இடத்தில் யார் கையை விடுவது என்றுதான் இத்தனை நாளும் குழம்பினேன். செல்வியை விடச் சொல்கிறேன். அவள் விரலுக்கும் ஆமணக்கு தெரியும். தெரியட்டும்.

உன் கூடப் பிறந்தவள்,
இசக்கியம்மாள்