இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் அம்மாவும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் சின்னவளும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். மனசைப் பொறுத்தவரை நான் சரியாக இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் பேசாமல் இந்த மனுஷன் எதற்கு இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். போனில் நீ "சொல்லுங்கப்பா" என்றதும் எனக்கு வாய் அடைத்துவிடுகிறது, மூன்று ஞாயிறாக அதுதான் நடக்கிறது. "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். அதனால்தான் வேலை இடத்தில், மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையில், காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் மோட்டார் ஓடும்போது தரை அதிர்வதால்தான் என்று எடுத்துக்கொள், பாதி அதுதான்.

உன் அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. உங்களோடு தீம் பார்க் போவதற்கென்று அகலமாக ஒரு தொப்பி வாங்கியிருக்கிறாள், அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது பாத்திரம் கழுவுகிறாள், பழக வேண்டுமாம். எனக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஆனால் புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குகள் மற்ற நாளிலும் விடுவதில்லை, எங்காவது ஒரு லிஃப்ட் முனகினால் எனக்குப் போன் போட்டு மோட்டாரிடம் போனைப் பிடிக்கிறார்கள், "என்ன சத்தம்னு கேட்டுச் சொல்லுங்க சார்" என்கிறார்கள். நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு கேட்டுச் சொல்கிறேன். என் காதுக்கு அவ்வளவு மரியாதை. அந்தக் காதால்தான் நான் கெட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ அனுப்பிய தீம் பார்க் அட்டவணையைக் கடையில் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். மூன்று நாளையும் அரைமணி அரைமணியாகக் கூறு போட்டு ஆளுக்கொரு நிறம் கொடுத்து, எனக்குப் பச்சை, அம்மாவுக்கு மஞ்சள், எந்த ராட்டினத்துக்கு எத்தனை நிமிஷம் வரிசை, கழிப்பறைக்கு எப்போது, தண்ணீர் எப்போது, ஒவ்வொரு அரைமணிக்கும் போனில் மணி அடிக்க வேண்டும் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை "இது சுற்றுலாவா, பரீட்சையா" என்று கேட்டாராமே. முதல் நாள் எல்லோரும் சேர்ந்து தண்ணீரில், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சறுக்கும் இடத்தில் வழுக்கும் என்கிற பயம் தவிர. மூன்றாம் நாளும் பரவாயில்லை. இரண்டாம் நாள்தான் சிக்கல். அன்று காலை ஒன்றாகச் சுற்றிவிட்டு மதியத்துக்கு மேல் பிரிகிறோம். நீயும் மாப்பிள்ளையும் பெரியவனும் அந்தக் கோடியில் பெரிய ராட்டினங்களுக்கு, அம்மா நிழலில் ஓய்வு, இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை பச்சைக் கட்டத்தில் "அப்பாவும் சின்னவளும்". பார்க்கின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க இருபத்தைந்து நிமிஷம் என்று அடியில் குறித்தும் வைத்திருக்கிறாய். அந்தப் பச்சைக் கட்டத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளை, அத்தனை கூட்டம், மூன்று மணி நேரம், நான் ஒருவன்.

இதை உன்னிடம் நாசூக்காகச் சொல்லிப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா. எனக்குக் கால் வலிக்கும் என்றேன், பெஞ்சு இருக்கிறது என்றாய். வெயில் ஆகாது என்றேன், அந்தப் பக்கம் முழுக்கக் கூரை என்றாய். அப்புறம் நீ சொன்னாயே ஒன்று, அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. "அவளும் என்னை மாதிரிதான்ப்பா, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள பறந்துருவா, அதான் கையில மாட்டற வார் வாங்கியிருக்கேன், ஒரு முனை உங்க கையில இருக்கட்டும். உங்களைவிட்டா வேற யாரை நம்புவேன், அன்னைக்குப் பொருட்காட்சியில தொலைஞ்சப்ப என்னைக் கண்டுபிடிச்சவரே நீங்கதானே" என்றாய்.

கண்ணு, இப்போது எழுதுகிறேன், நிறுத்தாமல் படி. அந்தப் பொருட்காட்சியில் நீ ஓடவில்லை.

உன் அம்மா கழிப்பறை வரிசைக்குப் போகும்போது "கையை விட்றாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் விடவில்லை, கொஞ்ச நேரம். பெரிய ராட்டினத்துக்குப் பக்கத்தில் நின்றோம். அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடத்தில் 'கட்' என்றது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது, கேட்டபிறகு வேறெதுவும் கேட்கவில்லை. பேரிங் போய்விட்டது, மேலே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். டிக்கெட் கொடுக்கும் தகரக் கூண்டோடு உன்னை ஒட்டி நிறுத்தி, "இங்கயே நில்லு, அப்பா ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன், நகரக் கூடாது" என்றேன். ராட்டினத்து மோட்டாரை மறைத்திருந்த தார்ப்பாயை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ராட்டினக்காரர் நல்ல மனுஷர், ஸ்க்ரூ டிரைவரை மோட்டார் மேல் வைத்து மறுமுனையில் காதை வைத்துக் கேட்கவிட்டார். அவருக்கு என் தொழிலைச் சொன்னேன், அவர் தன் தொழிலைச் சொன்னார். பேரிங் எல்லாம் ஒன்றும் போகவில்லை, வெறும் கிரீஸ் குறைச்சல். அங்கே ஒன்றும் ஆகியிருக்காது, நான் போகாமலே இருந்திருக்கலாம். இரண்டு நிமிஷம் என்று போனவன் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெளியே வந்தது வேறு பக்கம் வழியாக. அங்கேயும் ஒரு தகரக் கூண்டு, அதே பெயின்ட். நீ இல்லை. அடுத்ததற்கு ஓடினேன், அதே மாதிரி ஒரு கூண்டு, நீ இல்லை. வாசலுக்கு ஓடினேன், தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன், தொட்டிக்குள்ளே எட்டிப் பார்த்தேன். மைக்கில் சொல்லுங்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் தெரியுமா, மைக்கில் சொன்னால் உன் அம்மாவுக்குக் கேட்டுவிடும். பிள்ளையைக் காணோம், எனக்கு பயம் பெண்டாட்டி மேல். இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேள், இருந்தேன். உன் அம்மா வந்து "எங்க அவ" என்றபோது என் வாயிலிருந்து தானாக வந்தது, "கையை உதறிட்டு ஓடிட்டா, பலூன்காரன் பின்னாடி." அப்புறம்தான் மைக்கில் சொன்னார்கள். மொத்தம் நாற்பது நிமிஷம்.

ராட்டினத்தைச் சுற்றி மறுபக்கம் வந்தபோது, நான் நிறுத்திய கூண்டருகிலேயே நீ நின்றாய். முதுகைத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பொத்திக்கொண்டு, கவுன் நனைந்திருந்தது, இடத்தை விட்டு நகரக்கூடாது என்று நின்றவாறே ஒன்றுக்குப் போயிருக்கிறாய். என்னைப் பார்த்ததும் நீ அழக்கூட இல்லை, "நான் நகரவே இல்லப்பா" என்றாய். நான் "சரி, பேசாம வா" என்றேன். அம்மா உன்னைக் கண்டதும் பயத்தில் காலில் அடித்தாள், இரண்டு அடி. "நான் நின்னுக்கிட்டுத்தான்மா இருந்தேன்" என்று நீ சொன்னாய், "பொய் வேற பேசறியா" என்று அதற்கும் திட்டு வாங்கினாய். நான் அங்கேயேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையை இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

அதன்பிறகு நான் சொன்ன பொய்யை வீடே தூக்கி வளர்த்தது. உன் மாமா உனக்குக் காத்தாடி என்று பேர் வைத்தார். பள்ளிக்கூடத்தில் வெளியூர் கூட்டிப்போனபோதெல்லாம் "இவ பறந்துருவா" என்று அம்மா அனுப்பவில்லை, ஜன்னலில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாய், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் கல்யாணத்தில் மாமா மாப்பிள்ளையிடம் "கையை விட்றாதீங்க, எங்க காத்தாடி பறந்துரும்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நீயும்தான், நான் செருப்பைத் தேடுகிறமாதிரி குனிந்துகொண்டேன். கொடுமை என்னவென்றால் இப்போது உனக்கே அது ஞாபகம் இருக்கிறது. பெரியவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாய், "சிவப்பு பலூன், எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது" என்று. கண்ணு, அந்தப் பொருட்காட்சியில் பலூன்காரன் யாரும் கிடையாது. இல்லாத ஒரு பலூனை நான் உனக்குக் கொடுத்துவிட்டேன். உன்னை நீயே நம்ப முடியாதென்று அரைமணிக்கொரு மணி வைத்துக்கொண்டு வாழ்கிறாயே, அது உன் சுபாவம் இல்லை, நான் கொடுத்தது. இப்போது சின்னவளையும் அதே கணக்கில் சேர்க்கிறாய், அவள் கையில் வாரை மாட்டப் போகிறாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எனக்கு அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. போன மாதம் கடையில் நகரும் படிக்கட்டு ஒரு தினுசாகச் சத்தம் போட்டது, உன் அம்மா பேசிக்கொண்டே மூன்றாம் மாடிக்குப் போய்விட்டாள், நான் கீழே மண்டிபோட்டுப் படிக்கட்டில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். "உங்கப்பாவை மெஷினுக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கணும்" என்று அவள் உனக்குப் போனில் சொல்ல, நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தீம் பார்க் முழுக்க மெஷின். அங்கே சின்னவளை என் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, தெரியவில்லை என்பதுதான் பயம். நீ வாரைக் கட்டினாலும் வேண்டாம். அந்த மூன்று மணி நேரத்தை மாப்பிள்ளைக்குப் போடு, இல்லையென்றால் இரண்டாகப் பிரித்து நீங்கள் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ராட்டினத்துக்கு ஒன்றரை மணி நேரம் வரிசை என்று எழுதியிருக்கிறாயே, அதில் உங்களுக்குப் பதிலாக நான் நிற்கிறேன், முன்னால் போனதும் நீங்கள் வந்து ஏறிக்கொள்ளுங்கள். எனக்கு நிற்கிற வேலையாகக் கொடு.

மேலே உள்ளது நேற்று எழுதியது. ஒட்டித் தபாலில் போட்டுவிடலாம் என்று இருந்தேன், ஆனால் உனக்கு முன்னால் உன் அம்மாவுக்குத் தெரியாமல் போனால் அதுவும் ஒரு திருட்டுத்தனம் என்று பட்டது. இன்று காலை டீயோடு கடிதத்தையும் அவள் முன்னால் வைத்தேன். கத்துவாள், அடுப்படியில் பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை படித்தாள். ஒரு இடத்துக்குத் திரும்பிப் போய் இன்னொருமுறை படித்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே "ரெண்டு இல்ல, மூணு. மூணாவது அடி அவ பொய் சொல்றான்னு நினைச்சு அடிச்சது" என்றாள். எழுந்து போய் வாஷிங் மெஷினிலிருந்த துணியை எடுத்து ஒவ்வொன்றாக உதறிக் காயப்போட்டாள். மாலை ஆகிவிட்டது, இன்னும் அவள் என்னோடு பேசவில்லை, எனக்கு ஒரு வாய் காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ என்ன சொல்வாயோ தெரியவில்லை. படித்த கையோடு போன் போட்டுவிடாதே, உன் குரலைக் கேட்கிற தைரியம் இன்னும் வரவில்லை, திட்டுவதென்றாலும் எழுதித் திட்டு. அப்பா வரவேண்டாம் என்று உனக்குப் பட்டால் தயங்காமல் பச்சைக் கட்டங்களை எல்லாம் அழித்துவிடு, அம்மா மட்டும் வருவாள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மறக்காமல் செய்ய வேண்டியது இரண்டு: பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு வாங்கினால் ஒரு வாரம் முன்னாடியே போட்டுப் பழக்கு, நாள் முழுக்க நடக்கும்போது கடிக்கும். இன்னொன்று, பெரியவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தப் பொருட்காட்சிக் கதையைத் திருத்திச் சொல்லு. உங்க அம்மா ஐந்து வயதில் நாற்பது நிமிஷம் இடத்தை விட்டு நகராமல் நின்றவள் என்று சொல்லு. நீங்கள் நால்வரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னை நிற்க வைத்துவிட்டுப் போன
அப்பா