பங்குனியோடு பூட்டப்போகிற பொலிஸ் ஸ்டேஷன்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
சாம்பல் புதனுக்கு அடுத்த நாள்

என் அன்பு மகள் பெனிற்றாவுக்கு அம்மா எழுதுவது. மடு மாதாவின் தயவில் நானும் அப்பாவும் சுகம். கிளின்ரன் அண்ணையும் குடும்பமும் சுகம். நீயும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க மன்றாடுகிறேன் என்று அடுத்த வரி எழுத வேண்டும், எழுதிவிட்டேன், ஆனால் கோபத்தோடுதான் எழுதினேன். உன்னோடு கோபம், அப்பாவோடு கோபம், உங்கள் கனடா அரசாங்கத்தோடு எல்லாரையும் விடக் கோபம். ஞாயிற்றுக்கிழமை போனில் என்னைப் பார்த்து உனக்கு விசரா, பைத்தியமா என்று இங்கிலிஷில் கேட்டாய். தமிழில் கேட்டிருந்தாலாவது பெற்ற மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். உன்னோடு இங்கிலிஷில் சண்டை பிடிக்க என் வாய்க்கு வேகம் காணாது, அதனால் எனக்குத் தெரிந்த மொழியில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை மழையிலும் இழுத்துக்கொண்டு போனது இதற்குத்தான், எழுத்துக் கூட்டி வாசி. விளங்காத சொல்லை அப்பாவிடம் கேட்காதே. அவர் என் சொல் எல்லாவற்றுக்கும் சீனி போட்டுத்தான் உனக்குச் சொல்லுவார்.

இங்கே புதினம் என்றால், பிறின்சி அண்ணிக்கு ஆவணியில் பிள்ளை கிடைக்கும். தோர்ண்டன் ஹீத்தில் வாங்கின வீட்டில் சூடாக்கி பழுதாகி, அண்ணை ஜாக்கெட்டோடு சாப்பிடுகிறான். அப்பா முழங்கால் நோவால் பெற்றோல் ஸ்டேஷன் வேலையை விட்டுவிட்டார், இப்போது முழு நேர வேலை என் குசினிக்குள் வந்து நின்று உன்னைப் பற்றிக் கதைப்பதுதான். கோயிலில் கலியாணம் பேசித் திரிகிற ராஜி என்னைப் பிடித்தாள். நல்ல இடம் ஒன்று, பெடியன் ஸ்ட்ரெதமில் கணக்காளர், பெனிற்றாவைக் கேட்கிறார்கள் என்று இரண்டு மாதமாய் என் பின்னால் திரிந்தவள், இப்போது எங்கேயோ விசாரித்துவிட்டு வந்து, "அக்கா, அது கனடாப் பொலிஸ் இல்லையாமே, ஆரோ பூர்வகுடி ஆக்களின்ர சின்னப் பொலிசாமே, வாற மாதத்தோட காசு நிண்டுபோமாம் எண்டு சொல்லுகினம்" என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள். எனக்கு உள்ளங்கால் முதல் எரிந்தது. "ஓம், சின்னப் பொலிஸ்தான், அந்தச் சின்னப் பொலிசில நிக்கிறதுக்கு உன்ர கணக்காளருக்குத் தைரியம் காணாது, நீ போ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த இடம் முறிந்துவிட்டது. அதற்கு என்னைக் குறை சொல்லாதே. அவள் சொன்னதையேதான் நானும் உனக்கு ஒரு வருசமாய்ச் சொல்கிறேன், ஆனால் நான் சொல்லலாம், அவள் சொல்லக் கூடாது.

ஸ்டேஷன் காசு விசயம் ஒன்றும் நீ எனக்குச் சொல்வதில்லை. எல்லாம் அப்பா கம்ப்யூட்டரில் தேடி வாசித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அரசாங்கம் உங்கள் ஸ்டேஷனுக்குக் காசு தருகிற ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. புது ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வை, ஆனால் அந்தக் காசில் ஸ்டேஷனுக்குச் சொந்தக் கட்டடம் கட்டாதே, துப்பறிகிற ஆள் வைக்காதே, நாங்கள் சொன்னதுக்கு மட்டும் தலையாட்டு என்கிறார்கள். ஊர்ச் சபை ஏலாது என்று நிற்கிறது. பெரிய பட்டணங்களின் பொலிசுக்குச் சட்டப்படி காசு போகிறது, உங்களுக்கு மட்டும் அதற்குத் திட்டம் என்று பேராம், நினைத்தால் நிறுத்தலாமாம். திட்டமோ? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பது திட்டம். வெறியில் ஒருத்தன் மனிசியின் கதவை உடைக்கிறபோது வருகிற பொலிஸ் எப்படித் திட்டமாகும்? ரொறன்ரோவில் இருக்கிறவனிடம் போய், உங்கள் பொலிசுக்கு ஒப்பந்தம் முடிகிறது, வருகிற மாதம் கள்ளன் வந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று இந்த அரசாங்கம் சொல்லிப் பார்க்கட்டும். கோதாரி விழுந்தவர்கள். இதை நான் உன் பக்கம் நின்று எழுதுகிறேன் என்று சந்தோசப்படாதே. எனக்கு அந்த ஊர் முக்கியமில்லை. ஒரு ஷிப்டுக்கு நீ ஒருத்திதான் என்பதுதான் எனக்கு முக்கியம். கூடப் போக இன்னொரு ஆள் போடக் காசில்லை என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். வேட்டைத் துவக்கு இல்லாத வீடே அங்கே இல்லை என்றும் நீதான் சொன்னாய். இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் எப்படி நித்திரை கொள்வது?

பெரிய மாகாணப் பொலிஸ் உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறது. இரண்டு பேராய்ப் போகிற கார், ஓய்வூதியம், உங்கள் ஊரைப் போல பிளேனில் மட்டும் போகாமல் ரோட்டு இருக்கிற ஊர். உன்னோடு வேலை செய்த பெடியன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான், புத்தியுள்ளவன். நீயோ மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கிறாய் இல்லை. நான் என்ன செய்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு வெட்கமில்லை. அந்தோனியாருக்கு நவநாள் செபம் தொடங்கினேன், உங்கள் ஸ்டேஷனுக்குக் காசு கிடைக்கக் கூடாது, அது பூட்டுப்பட வேண்டும், என் பிள்ளை வெளியே வர வேண்டும் என்று. அதே நேரம் உன் அப்பா எனக்குத் தெரியாமல் பாதரிடம் பேர் கொடுத்து, ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கிறபோது, கனடாவில் எங்கள் பங்குப் பிள்ளை பெனிற்றா பணிபுரியும் காவல் நிலையத்துக்கு நிதி கிடைக்க வேண்டுமென்று வாசிக்க வைத்தார். கோயில் முழுக்க எழும்பி நின்று, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. பக்கத்தில் நின்ற மனிசன் எல்லாரையும் விடச் சத்தமாய்ச் சொன்னார். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கவில்லை.

பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் எடுத்தேன். நீ இதைத்தான் விசர் என்கிறாய். எங்கள் ஆட்களில் வேலைக்கு லீவு எடுக்கப் பொய் சொல்லாதவர் ஆர்? உன் அப்பாவின் முதலாளி லீவு தராத காலத்தில் உயிரோடு இருந்த உன் பெரியப்பாவை நாங்கள் இரண்டு தரம் சாகக் கொடுத்தோம். அதைப் போலத்தான் இதையும் நினைத்தேன். போன் எடுத்த மனிசியிடம், பெனிற்றாவின் அப்பாவுக்குச் சுகமில்லை, கடுமை, ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், பிள்ளையை உடனே அனுப்புங்கோ என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அழுதுகொண்டு சொன்னேன். அழுகை பொய்யில்லை. நீ ஒரு கிழமை லண்டனுக்கு வந்தால் பாஸ்போட்டை எடுத்து ஒளித்துவிடலாம் என்பதுதான் என் எண்ணம். அந்தச் சனம் அதை ஊர் ரேடியோவில் சொல்லும் என்று நான் கண்டேனா? சொல்லி, தேவாலயத்தில் கூடி உன் அப்பாவுக்காகச் செபம் பண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போக வைத்திருந்த பிளேன் சீட்டை ஒருத்தி உனக்கு விட்டுக்கொடுத்து, நீ ஊரில் இல்லாத நாட்களில் இரவில் ஆர் ஆர் காவலுக்குச் சுற்றுவது என்று ஆம்பிளையளும் பொம்பிளையளும் முறை போட்டு, இவ்வளவும் நடந்த பிறகுதான் நீ வீட்டுக்குப் போன் அடித்தாய். சாகக் கிடந்த மனிசன் வாய் நிறையப் புட்டோடு ஹலோ என்றார்.

நீ என்னை ஏசி முடித்துப் போனை வைத்த அன்றே அந்த மனிசி திரும்ப எனக்கு எடுத்தாள். ஸ்டேஷனில் போன் எடுக்கிற லொறெயின். ஏசப்போகிறாள் என்று நானும் வாயைத் தீட்டி வைத்திருந்தேன், அவள் முதலில் உங்கட மனிசன் சுகமாய் இருப்பது சந்தோசம் என்றாள். எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிவிட்டது. உங்களுக்கு என் பிள்ளைதானா கிடைத்தாள், உங்கள் ஊரைக் காக்க உங்கள் பிள்ளைகள் இல்லையா என்று கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. இருந்தார்கள், சம்பளமும் ஆளும் காணாமல் களைத்துப் போனார்கள் என்றாள். முன்பு ஒருமுறை ஸ்டேஷனில் ஒருவரும் இல்லாத காலத்தில் தன் தங்கச்சி பொலிசைக் கூப்பிட்டாளாம், வெளிப் பொலிஸ் பிளேனில் வர வேண்டும், பனிப்புகார் மூட்டத்தில் பிளேன் எழும்பவில்லை, வந்து இறங்கியபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு நீ ஒரு வீட்டுக் கதவில் தட்டினால் முதல் வார்த்தை இங்கிலிஷில் சொல்வதில்லையாம், அவர்கள் மொழியில்தான், பயப்படாதேங்கோ நான்தான் வந்திருக்கிறன் என்று சொல்வாயாம். உன் உச்சரிப்பு மோசமாம், சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்களாம், ஆனாலும் கதவைத் திறக்கிறார்களாம்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. பத்து வருசம் உனக்குத் தமிழில் பதில் சொல்லு என்று கெஞ்சினேன், நீ ஓகே அம்மா ஓகே அம்மா என்றாய். அந்தக் கதவுகளுக்காகப் போய் முன்பின் தெரியாத மொழியைப் படித்திருக்கிறாய். பொறாமை என்று சொல்லு, ஓம், பொறாமைதான். உனக்கு நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. இலங்கையில் சண்டைக் காலத்தில் என் அண்ணையைப் பிடித்துக்கொண்டு போன அன்று நான் பொலிசுக்கு ஓடினேன். அங்கே இருந்த ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. நான் அழுததைத் தவிர வேறொன்றும் அவர்களுக்கு விளங்கவில்லை, அண்ணை திரும்பி வரவும் இல்லை. அன்றையிலிருந்து காக்கியோ நீலமோ, அந்த உடுப்பைக் கண்டால் நான் ரோட்டின் மற்றப் பக்கம் மாறிப் போய்விடுவேன். நீ அதைப் போட்டுக்கொண்டு நின்ற படத்தை நான் சுவரில் மாட்டாததற்குக் காரணம் அதுதான், உன் மேல் பாசம் இல்லாமல் இல்லை. லொறெயின் போனை வைத்த பிறகு குசினிக்குள் நின்று அழுதேன். அப்பா என்ன என்று கேட்டார், வெங்காயம் என்றேன். கையில் வெங்காயம் இல்லை, மனிசன் அதையும் கேட்காமல் போய்விட்டார்.

இதை வாசித்துவிட்டு அம்மா மாறிவிட்டா என்று நினைக்காதே. அந்த மாகாணப் பொலிஸ் வேலையை எடு என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன், நாளைக்கும் சொல்லுவேன். நீ எடுக்கமாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும், உன் பிடிவாதம் எங்கேயிருந்து வந்தது என்று நான் வெளியே தேடத் தேவையில்லை. அந்தோனியாருக்குத் தொடங்கினதை நடுவில் விடக் கூடாது, அதனால் விடவில்லை, ஆனால் கேட்கிறதை மாற்றிவிட்டேன். என்னவாய் மாற்றினேன் என்று உன் அப்பாவுக்குச் சொல்லாதே, அவர் வென்றுவிட்டதாய் நினைப்பார். காசைப் பிடித்து வைத்திருக்கிற மகாராசாக்கள் மட்டும் என் கையில் அகப்பட்டால் தெரியும். ஒரு ஷிப்ட், ஒரே ஒரு ஷிப்ட், அவர்களின் மகளைத் தனியே அந்த வீடுகளுக்கு அனுப்பிவிட்டு வந்து மேசையில் இருந்து கட்டுப்பாடு எழுதட்டும். லொறெயினுக்கு என் பேரில் மன்னிப்புச் சொல்லு, அவளுக்கும் அந்தப் பிளேன் சீட் தந்த மனிசிக்கும் கருவாட்டு மிளகாய்ப்பொரியலும் தடித்த கம்பளியும் பார்சலில் போட்டிருக்கிறேன். பொரியலை அவர்கள் சாப்பிடாவிட்டால் நீ சாப்பிடு. உள்ளே கம்பளிச் சட்டை போடாமல் வெளிக்கிடாதே. தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி வேண்டாம், அங்கே வேறொன்றும் கிடைக்காவிட்டால் மாதா மன்னிப்பா. மாதா உன் தலைக்கு மேல் கை வைத்திருக்கட்டும். நீ நல்லாய் இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று, இதற்கு மட்டும் எதிர்க்கதை கதைக்காதே. ஒரு வீட்டுக்குப் போகமுன் எனக்குப் போனில் ஒரு ரிங் விட்டு வெட்டு. போய்த் திரும்பி ஸ்டேஷனுக்கு வந்ததும் இன்னொரு ரிங் விட்டு வெட்டு. கதைக்கத் தேவையில்லை, என்ன நடந்தது என்று சொல்லவும் தேவையில்லை, இங்கே என்ன நேரம் என்று பார்க்காதே. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் நான் எழும்பி இருப்பேன். கூடப் போக ஆள் போட அரசாங்கத்திடம் காசில்லை என்றால் போகட்டும், அந்த ஆள் நான்.

இப்படிக்கு,
உன்னோடு இன்னும் கோபமாய் இருக்கிற அம்மா,
அருள்மலர் எட்வேட்