இரண்டாவது புள்ளி

ஜூன் 3, செவ்வாய்

ஆறாம் வகுப்பில் கங்கா ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், மந்திரச் சொல்லைச் சொல்லி குகைக்குள்ள பூந்தவன், உள்ள போனதும் அந்தச் சொல்ல மறந்துட்டா இன்னா பண்ணுவான்?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

பக்கவாதம் வந்து நாற்பது நாளாக என் கணவர் அப்படித்தான் கிடக்கிறார். கண் திறந்திருக்கிறது. பேச்சில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை.

மகன் சக்திகுமார் போனில் சொன்னான்: "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியலம்மா. முதியோர் ஹோம்ல பாத்துப்பாங்க. ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துகினு வரேன்."

தெரிகிறது என்று நான் எதைக் காட்டுவது?

ஜூன் 4, புதன்

இன்றும் பட அட்டைகள் காட்டினேன். தம்ளர், பசு, பூட்டு. ஒன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

மாடியில் குடியிருக்கும் முத்துச்செல்வி, திருநெல்வேலிப் பெண், போனில் ஒரு பழைய படம் தேடித் தந்தாள். அரபு நாட்டுக் கதை: திருடன், இளவரசி, வாள்சண்டை, பறக்கும் கம்பளம். தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தபோது இவர் நூறு நாள் ஓட்டிய படம்.

"டீச்சர், இந்தாளு வாளை உருவி வசனத்தை முடிக்கதுக்குள்ள என் ஷிப்ட் பஸ் மண்ணூர் தாண்டிரும்" என்று ஓடினாள்.

கதாநாயகன் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தான். இவர் அசையவில்லை. ஒட்டகங்கள் சும்மா நடந்துபோகிற இடத்தில், இடது ஆள்காட்டி விரல் மெத்தையில் அழுந்தியது. ஒரே தடவை. வலிப்போ?

ஜூன் 6, வெள்ளி

அதே ஒட்டகம். அதே விரல். ஒட்டகத்துல என்னங்க இருக்கு? சொல்லுங்களேன் — ஐயோ, ஒரு தடவை சொல்லித் தொலைங்களேன்.

ஜூன் 7, சனி

இன்று இவரைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தேன். ஒட்டகங்கள் வரும்போது திரையின் வலது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி வந்து மறைகிறது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இரண்டாவதற்குத்தான் விரல். பிறகு வேறொரு காட்சியிலும் அதே இரண்டு புள்ளி, அதே விரல்.

கல்யாணமான புதிதில் ஆபரேட்டர் அறையில் இவரே காட்டியிருக்கிறார். "ரீல் முடியப்போவுது. மொதப் புள்ளிக்கு அடுத்த மிஷினை ஓட்டணும். ஏழு எண்ணு. ரெண்டாவது புள்ளிக்குப் படத்தை அந்த மிஷினுக்கு மாத்தணும்."

வலிப்பு இல்லை. வேலை செய்கிறார்.

நானோ நாற்பது நாளும், கேள்வி கேட்டு மூன்று எண்ணுவதற்குள் அடுத்த அட்டையை நீட்டியிருக்கிறேன். நானா டீச்சர்?

ஜூன் 8, ஞாயிறு

வாசலில் வண்டி. விரலைப் பற்றிச் சொன்னேன். "சும்மா நரம்பு துடிக்குதும்மா" என்றான் சக்திகுமார்.

"மூலையைப் பாருடா."

மூன்று ரீல் பார்த்தான். நான்காவதில் முதல் புள்ளி வந்ததும் அவனே வாய்விட்டு எண்ணினான். ஏழு. விரல் அழுந்தியது.

எழுந்து வெளியே போனான். "நீ கெளம்புப்பா" என்று டிரைவரிடம் சொல்வது கேட்டது.

ஜூன் 10, செவ்வாய்

"தண்ணி வேணுமா?" என்று கேட்டுக் காத்திருந்தேன். விரல் அழுந்தியது. குடித்தார்.

கட்டிலுக்கு மேலே, பார்க்க வருகிறவர்களுக்காக எழுதி ஒட்டியிருக்கிறேன்:

இவரிடம் ஏதாவது கேட்டால், ஏழு எண்ணும்வரை காத்திருங்கள்.