இடது கையால் விட்ட ரசம்

மன்னி, இன்று காலை இடது கையால் காப்பி ஆற்றினேன். பாதி டம்ளரில், மீதி என் புடவையில். அடுக்களை முழுக்கக் காப்பி மணம். துடைக்கக் குனிந்தவள் உங்கள் ஞாபகம் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுகையும் வந்தது.

உங்களுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது. அதே வலது மார்பு, அதே மாதிரி வலிக்காத கட்டி. நம் ஸ்ரீவராகம் தெருவில் இப்போதும் இதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உங்களிடம் எனக்கென்ன மறைப்பு? புற்றுநோய். வரும் வாரம் தம்பானூரில் ரயிலேறி மதராஸ் போகிறேன். அறுத்து எடுத்துவிட்டு அப்புறம் ரேடியம் வைப்பார்களாம். உங்கள் காலத்தில் நமக்குத் தெரிந்ததெல்லாம் கத்தி ஒன்றுதான்.

அன்று ஆஸ்பத்திரிக்கு உங்களுக்குத் துணையாக வந்தேன். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். வீட்டில் வேறு யாரிடமும் உங்களுக்கு இதைச் சொல்ல முடியவில்லை. கட்டியோடு அக்குள் வரை எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். "வலத்தே கை இனி பழயபோலே உயரில்லா அம்மா" என்றும் சொன்னார். வலது கை இனிப் பழையபடி உயராதாம்; நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிழைப்பேனா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்தேன். "கரண்டி பிடிக்க வருமோ?" என்று கேட்டீர்கள். பார்க்கலாம் என்றார் அவர்.

திரும்பி வரும் வண்டி நம் தெருமுனை திரும்பும்போது சொன்னீர்கள்: "சாகறதுக்கு நேக்கு பயமில்லேடி. பொழச்சு வந்து ஒரு மூலையில உக்காந்துண்டு, இன்னொருத்தி ஊட்டி விட வாயைத் தெறக்கணுமே, அதாக்கும் பயம்."

மறுநாளே கொல்லைப்புறத்தில் உங்கள் பாடம் ஆரம்பித்துவிட்டது. இடது கையால் கிணற்றுக் கயிறு, இடது கையால் தேங்காய்த் துருவல். என் தலையைப் பின்னிப் பழகுகிறேன் என்றீர்கள். ஜடை என் காதுக்கு மேலே முளைத்தது. அதோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தேனே, அந்த மானக்கேட்டை இன்னும் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஆத்துக்காரரிடம் மட்டும் சொன்னீர்கள், மாமியாரிடம் இல்லை. தெரிந்தால் கத்தி வைக்க விடமாட்டார் என்று உங்கள் ஆத்துக்காரர் ஆபரேஷன் நாள் வரை மறைக்கச் சொல்லியிருந்தார். அப்படியிருக்க, பந்தியில் போய்ப் பழகிப் பார்ப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரசம் இருந்த ஈயச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் ஆத்துக்காரர் இலையில் இடது கையால் ரசம் விட்டீர்கள். பாதி சாதத்தில், பாதி தரையில்.

"இடது கையாலயா விடறே! ஆம்பளைகள் சாப்பிடற எலையில! என்ன திமிருடி நோக்கு?" மாமியார் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

சர்க்கார் கச்சேரி உத்தியோகத்தில் மேலதிகாரிக்குப் பயந்து பயந்து வீட்டிலும் பேச்சை மறந்தவர் உங்கள் ஆத்துக்காரர். அவர் நிமிரவில்லை. இலையை உங்கள் இடது கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்திக்கொண்டார். "நன்னா இருக்கு. இன்னொரு கரண்டி விடு" என்றார். அப்புறம் அம்மாவிடம் மெதுவாக, "அவளுக்குக் கட்டி, அம்மா. அறுத்து எடுக்கப் போறா. வலது கை வருமோ வராதோ தெரியல" என்றார்.

மாமியார் எழுந்து உள்ளே போனார். நீங்கள் அடுக்களைக்குள் வந்து என் தோளில் இடித்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கலங்கவில்லை. "இன்னிக்கு எலையில பாதி விழுந்துது. நாளைக்கு முக்கால் விழும், பாத்துக்கோ."

அன்று சாயங்காலம் முழுக்க மாமியாரின் முணுமுணுப்பு ஓயவில்லை, ஆசாரம் போச்சு, காலம் கெட்டுது என்று. ஆனால் மறுநாள் பந்தியில் ஈயச் சொம்பு உங்கள் இடது கைப்பக்கம் இருந்தது. நான் வைக்கவில்லை, நீங்களும் வைக்கவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் வலது கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. அதற்குள் இடது கை நன்றாகத் தேறியிருந்தது. அதற்குப் பின் நீங்கள் இருந்த வருஷங்களில் யாரும் உங்களுக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை. கட்டி திரும்பி வந்து நீங்கள் படுத்த படுக்கையான போதும், நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்பூனை நீங்களேதான் எடுத்தீர்கள். அன்று உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாயாவது ஊட்ட விட்டிருக்கலாம் மன்னி.

மதராஸுக்குத் துணை வர என் பெண் வந்திருக்கிறாள். இன்று மத்தியானம் அவளை உட்கார வைத்து இலை போட்டு, இடது கையால் ரசம் விட்டேன். "எதுக்கும்மா இதெல்லாம்? ஊட்டி விட நான் இல்லையா?" என்று அவள் அழ ஆரம்பித்தாள். நீங்கள் அன்று எதற்குப் பயந்தீர்கள் என்று அந்த நிமிஷம் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"அழாதே. எலையைப் பாத்துச் சொல்லு, எவ்வளவு விழுந்துது?" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்து பார்த்தாள். "பாதிதாம்மா."

"நாளைக்கு முக்கால் விழும்" என்றேன்.