வாலு வந்துவிட்டுப் போனாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த மட்டில் குறை ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், இங்கே எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். போன வாரம் போனில் நீ வாலுவைப் பற்றி எவ்வளவோ கேட்டாய், நான் ம், ம் என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், கை பட்டாணியில் இருந்தாலும் காது முழுக்க என் மேல்தான். அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாததால் இப்போது வேலை இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரிட்டையர் ஆன பிறகும் அந்தப் பழைய கட்டடத்து லிஃப்டை மட்டும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அது வேறு யார் கைக்கும் அடங்குவதில்லை, எனக்கும் வீட்டை விட்டு வெளியே வர ஒரு சாக்கு. மொட்டை மாடியில் மோட்டார் இருக்கிற ரூமில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு, எண்ணெய் டப்பாவுக்கும் அழுக்குத் துணிக்கும் நடுவில் ரைட்டிங் பேடை மடியில் வைத்து எழுதுகிறேன். காகிதத்தில் எங்கேயாவது கறை இருந்தால் அது கிரீஸ்தான், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

உன் அண்ணி மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டது உனக்குத் தெரிந்ததுதான். உன் அண்ணன் இறந்துபோன பிறகு அந்தப் பெண் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்து, குழந்தை வாலுவையும் பார்த்து, லீவு விட்டால் தவறாமல் எங்களிடம் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு வாழ்க்கை பார்த்துக்கொள் என்று முதலில் அவளிடம் சொன்னதே உன் அம்மாதான், சும்மா வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதனால் இப்போது எங்களுக்குக் குறை சொல்லவும் வாய் இல்லை. நீ கேள்விப்படாத விஷயம் ஒன்றுதான். அவளுடைய வீட்டுக்காரருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது, மூன்று பேரும் அங்கேயே போய்விட்டார்கள். இந்த லீவுக்கு வாலுவைக் கொண்டுவந்து விட்டபோதே அண்ணி சொல்லிவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள், உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் சொல்ல வராது என்று பயந்திருப்பாள் போல. அம்மா ரொம்ப சந்தோஷம், நல்லபடியாகப் போய்ச் சேருங்கள் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்தவள்தான், சமையலை நிறுத்தவே இல்லை. பூசணிக்காயும் முட்டையும் பாலும் வந்துகொண்டே இருந்தன, ஃப்ரிட்ஜ் கதவு மூடாமல் நான் ஒரு நாற்காலியை அணை கொடுத்து வைத்தேன். இனிமேல் அந்தக் குழந்தை சாப்பிடப்போகிற எல்லாச் சாப்பாட்டையும் இந்த ஒரு லீவிலேயே ஊட்டி அனுப்பிவிடுகிற மாதிரி. வயித்துல இடமில்ல பாட்டி என்று வாலு சிரித்துக்கொண்டே ஓடுவாள், இவள் தட்டோடு பின்னால் போவாள். போன வருடம் மாதிரி இல்லை, வாலு நன்றாக உயர்ந்துவிட்டாள், முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, பெயருக்குத்தான் வாலு, இப்போது சேட்டையெல்லாம் குறைந்து பெரிய மனுஷி மாதிரி எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு நிமிஷம் யோசிக்கிறாள். ஒரு மத்தியானம் அம்மா உருளைக்கிழங்கை விளிம்பு கருகும்படி வறுத்து வைத்தாள். உன் அண்ணன் அந்தக் கருகலைத்தான் முதலில் பொறுக்குவான், நீங்கள் இரண்டு பேரும் அதற்காகவே அடித்துக்கொள்வீர்களே, அந்த வறுவல். வாலு கருகினதையெல்லாம் ஒதுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு நடுவில் இருந்ததைச் சாப்பிட்டாள். உங்க அப்பாவுக்கு இதுதான் உசிரு, ஞாபகம் இருக்கா என்று அம்மா கேட்டாள். குழந்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பாட்டி மனம் நோகக்கூடாது என்று அவள் நினைத்தது அந்த முகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. “போட்டோல இருக்கற அப்பாதானே பாட்டி? ஞாபகம் இருக்கு” என்றாள். அம்மா சரி சாப்பிடு என்றாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து தட்டைக் கழுவினேன். அவன் போகும்போது அவளுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை, ஞாபகம் இல்லாதது அவள் தப்பா சொல்.

படிப்பு விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. தெருக்கோடி லைப்ரரியில் இருந்து நான் எடுத்துவருகிற அந்தத் தடிப் புத்தகம், கப்பலில் ஒளிந்துகொண்டு போகிற சிறுமியின் கதை, அதை லீவுக்கு லீவு கொஞ்சம் கொஞ்சமாக நான் படிக்க அவள் கேட்பாள். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் கப்பல்காரனுக்குக் கட்டைக் குரல், சமையல்காரனுக்குக் கீச்சுக் குரல் என்று நான் மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும், பக்கத்து வீட்டு டெய்லர் ஒருமுறை யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து வந்து கதவைத் தட்டினார். பாக்கிக் கதையை இந்த முறை படித்து முடித்துவிடலாம் என்று நானும் ஆசையாக இருந்தேன். வேலைக்குப் போய்விட்டு வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், நான் முடிச்சிட்டேன் தாத்தா என்கிறாள். தானே எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படிக்கிறாள், பகல் முழுக்க உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, நான் படிச்சுக் காட்டறேன், நீங்க கேளுங்க என்று என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு அவளே படித்தாள். கேட்டேன். நன்றாகத்தான் படித்தாள், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கப்பல்காரனும் சமையல்காரனும் ஒரே குரலில் பேசினார்கள், அவ்வளவுதான். பேத்தி படிக்கிறாள் என்று பெருமைப்பட வேண்டிய மனுஷன், இனி எதற்கு இந்தக் கிழவன் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன், அதை யாரிடம் போய்ச் சொல்வது.

இனிமேல் எழுதுவதுதான் அம்மாவுக்குத் தெரியாதது. ஒருநாள் வாலுவை இங்கே லிஃப்ட் பார்க்கக் கூட்டிவந்தேன். கதவுக்கு எண்ணெய் விட்டு, ஒழுங்காக ஓடுகிறதா என்று மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டிருந்தோம், எல்லா பட்டனையும் அவளே அழுத்த வேண்டும் என்று முன்பே ஒப்பந்தம். இரண்டு மாடிக்கு நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது பட்டனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், “தாத்தா, அவரை அப்பான்னு கூப்பிட்டா பாட்டிக்குக் கோபம் வருமா?” அவர் அப்படிக் கூப்பிடச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையாம், அங்கிள் என்றே கூப்பிடு, அவசரமே இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாராம். அங்கே புது ஸ்கூலில் ஒவ்வொருவரும் இவர் யார் என்று கேட்பார்கள், இங்கே கேட்டவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொன்ன மாதிரி அங்கேயும் சொல்ல வேண்டும், அதுதான் என்றாள். “சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு தாத்தா.” எட்டு வயதுக் குழந்தைக்கு அலுத்துப்போகிற அளவுக்கு அதைச் சொல்ல வைத்திருக்கிறோமே என்று இருந்தது. “கூப்பிடு கண்ணு. பாட்டிகிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றேன். லிஃப்ட் கீழே வந்து நின்றது, கதவு திறந்தது, அவள் துள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள், எனக்குத்தான் உடனே இறங்க முடியவில்லை. உன் அண்ணன் போனபோது எனக்கு மிச்சம் இருந்தது அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது ஒன்றுதான். அதையும் என் வாயாலேயே கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் என்ன செய்வது, நீயே சொல், அந்தக் குழந்தையைப் பிடித்துவைத்துக்கொள்ள நமக்கு என்ன இருக்கிறது.

அம்மாவிடம் சொல்கிறேன் என்று சொன்னேனே தவிர எனக்கு வாய் வரவில்லை. லீவு முடிந்து அவர்கள் கூட்டிப்போக வந்தார்கள், வண்டி நிற்கிற சத்தம் கேட்டதும் வாலு அப்பா வந்தாச்சு, அப்பா வந்தாச்சு என்று கத்திக்கொண்டு ஓடினாள். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தி நின்றது, பிறகு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தது. யாரோ வந்திருக்காங்க, போய்ப் பாருங்க என்றாள். அதற்கு மேல் இன்றுவரைக்கும் அதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் பல் செட்டு செய்கிற வேலை பார்ப்பவர் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. சாப்பிடும்போது அம்மா பல் செட்டை வைத்துக்கொண்டு ஒரு பக்கமாகவே மெல்வதைப் பார்த்துவிட்டார். கை கழுவிவிட்டு வந்து, தப்பா நினைக்காதீங்கம்மா, ஒரு தரம் கழட்டிக் கொடுங்க என்று கேட்டு வாங்கி, தன் பையிலிருந்த சின்ன அரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ராவினார். போட்டுப் பார்க்கச் சொல்வார், கழற்றச் சொல்வார், மறுபடியும் ராவுவார், அவசரமே இல்லை. செட்டு கட்டிக் கொடுத்த டாக்டரம்மா பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினதிலிருந்து ஈறு புண்ணாகிப் புண்ணாகி அம்மா கஷ்டப்பட்டது உனக்குத் தெரியும், இப்போது சுத்தமாக வலி இல்லை. அவர்கள் போன பிறகு நெடுநேரம் கழித்து அம்மா என்னிடம் சொன்னாள், “நல்ல மனுஷன்ங்க. திட்டறதுக்குக்கூட வழியில்லாமப் பண்ணிட்டுப் போயிட்டான்.”

கிளம்பும்போது அண்ணி அழுதாள். வருஷா வருஷம் கட்டாயம் லீவுக்குக் கூட்டிட்டு வர்றேன் மாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பொய் சொல்லவில்லை, நிஜமாக நம்பித்தான் சொன்னாள். ஆனால் அங்கே லீவு வேறு மாதமாக இருக்கும், அவளுக்கு வேலை கிடைத்தால் விட்டுவிட்டு வர முடியாது, இன்னொரு குழந்தை பிறக்கும், பிறக்கத்தானே வேண்டும், நாங்களும் வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம். போய்ச் சேர்ந்த பிறகு வீடியோ காலில் பேசினாள் வாலு. எங்கள் முகத்தைப் பார்க்காமல் மூலையில் சின்னதாகத் தெரிகிற தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, புது ரூமைச் சுற்றிக் காட்டினாள், பாதி வார்த்தை இப்போதே அந்த ஊர் பாஷை, அம்மாவுக்குப் புரியவில்லை. நான் அவளுக்கு ஒரு கதை சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் யாரோ சின்னப் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போனை மேஜை மேல் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அம்மா அந்த வீட்டுக் கூரையையும் அதில் தொங்குகிற விளக்கையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவங்க கொசுவலை கட்டலையே, அங்க கொசு இருக்காதா என்று கேட்டாள். இருக்காது என்றேன், எனக்கு என்ன தெரியும்.

இப்போது வீட்டில் சமையல் பேருக்குத்தான் நடக்கிறது. காலையில் ஆக்குவதையே இரவுக்கும் வைத்துவிடுகிறாள், பகலில் கண்மூடாதவள் சாப்பிட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறாள். நான் எதையாவது வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன், சத்தம் வேண்டாம் என்றாள். சரியாகிவிடும் என்று உனக்கு எழுதத்தான் நினைத்தேன், எழுத வரவில்லை. உன் அண்ணன் போனபோது நாங்கள் இதைவிட இளையவர்கள், மடியில் ஒரு குழந்தையும் இருந்தது, எழுந்துவிட்டோம். இந்த முறை எழுந்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு நீ பதறவேண்டாம், ஓடிவரவும் வேண்டாம், உன் வேலையைப் பார். மாப்பிள்ளை முதுகுவலிக்கு ஒத்தடம் கொடுக்கச் சொன்னேனே, அதை விட்டுவிடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அதை மனதார நினைத்துக்கொண்டுதான் இதை முடிக்கிறேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மாவிடம் பேசும்போது அடுத்த லீவுக்கு வாலு வந்துவிடுவாள் என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லிவிடாதே. நீயும் வருகிறேன் என்று சொல்லாதேம்மா. நீ சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்தாள், குறை சொல்வதற்காக எழுதவில்லை, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். என்றைக்காவது வர முடிந்தால், யாரிடமும் சொல்லாமல் வந்து கதவைத் தட்டு.

உன் அப்பா